அப்பாவின் வயதும் ஒரு கணக்கு: விந்தணுவும் மரபணுப் பிழையும், முழுமையான வழிகாட்டி

போடியில் ஏலக்காய் விலை இறங்கினால் கல்யாணங்கள் தள்ளிப்போகும். மண்டபத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார். தோட்டத்துக் கடன், தங்கச்சிமார் கல்யாணம், வீட்டுக்கு மாடி என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு மாப்பிள்ளை மேடை ஏறும்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். பொட்டிபுரத்தில் என் சித்தப்பா மகன் அப்படித்தான் 43 வயதில் தாலி கட்டினான். பெண்ணுக்கு 28.

வருடம் ஒன்று கழித்து, குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று தேனியில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். நானும் சித்தியும் கூடப் போனோம். வரவேற்பில் கொடுத்த தாளில் மனைவியின் பெயர், வயது, எடை, கடைசி மாதவிலக்குத் தேதி என்று வரிசையாகக் கட்டங்கள். கணவனுக்குப் பெயரும் போன் நம்பரும் மட்டும். சித்தி மருமகளின் கையைத் தட்டி, "முப்பதுக்குள்ள பெத்துட்டா பயமில்லைண்டு டிவில சொன்னாங்க" என்றார். மகனின் வயது அவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"ஆம்பளைக்கென்னப்பா, அறுபதுலயும் பெத்துக்கலாம்" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பெற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் பிள்ளை கொடுக்கும் திறன் ஒன்று, அந்த விந்தணுவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் மரபுச் சரடு பிழையில்லாமல் இருப்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி ஊரெல்லாம் விளம்பரப் பலகை இருக்கிறது. இரண்டாவதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: விந்தணு எப்படி உருவாகிறது?

ஒரு பெண்ணுக்குள் இருக்கும் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அப்புறம் இருப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்வதுதான். ஆணுக்கு இருப்பு கிடையாது, உற்பத்திதான். பருவம் வந்த நாளிலிருந்து விரைக்குள் இருக்கும் மூலச்செல்கள் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பிரிகின்றன. ஆண்டுக்கு 23 முறை. ஒவ்வொரு முறையும் 300 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்படுகிறது.

எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நோட்டு நைந்துபோனால் பெயர்களைப் புது நோட்டில் எழுதுவார். அடுத்த தடவை முதல் நோட்டைத் தேடிப் போகமாட்டார், போன தடவை எழுதியதைப் பார்த்தே எழுதுவார். முருகாயி ஒருமுறை முருகாய் ஆகிவிட்டால் அதற்குப் பிறகு எல்லா நோட்டிலும் முருகாய்தான்.

அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் குரோ எடுத்துக்காட்டிய மதிப்பீடு இது: 20 வயது ஆணின் விந்தணு அதுவரை சுமார் 150 படியெடுப்புகளைக் கடந்து வந்திருக்கும். 30 வயதில் 380, 40 வயதில் 610, 50 வயதில் 840. கருமுட்டைக்கோ தாயின் வயது எதுவானாலும் இருபத்துச் சொச்சம்தான். படியெடுக்கும்போது நேரும் தவறு மட்டும் காரணமில்லை, இடையில் டிஎன்ஏவுக்கு ஏற்படும் சேதம் சரியாகப் பழுது பார்க்கப்படாததும் சேர்கிறது என்று இப்போது ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் வயது கூடக் கூடப் பிழை கூடுகிறது என்பதில் சண்டை இல்லை.

இரண்டாம் படி: பிழைகளை எண்ணுவது

ஐஸ்லாந்தில் 2012இல் 78 குடும்பங்களில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் டிஎன்ஏவையும் முழுதாக வாசித்து ஒப்பிட்டார்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் மட்டும் இருக்கும் எழுத்து மாற்றங்களை எண்ணினார்கள். 20 வயது அப்பாவிடமிருந்து சுமார் 25 புதுப் பிழைகள், 40 வயது அப்பாவிடமிருந்து சுமார் 65. அம்மாவிடமிருந்து ஏறக்குறைய 15. அதாவது அப்பாவின் வயதில் ஓர் ஆண்டு கூடினால் சுமார் 2 பிழைகள் கூடும். அதே நாட்டில் 2017இல் 1,548 குடும்பங்களை வைத்துப் பார்த்தபோது ஆண்டுக்கு ஒன்றரை என்று வந்தது. தாயின் வயதாலும் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அதில் கால் பங்கு அளவுக்குத்தான்.

இந்த இடத்தில் பதற வேண்டாம். 300 கோடி எழுத்தில் 65 என்பது ஏறக்குறைய நாலரைக் கோடி எழுத்துக்கு ஒரு பிழைதான். அந்த 65லும் பெரும்பாலானவை ஒன்றும் நடக்காத பகுதிகளில்தான் விழும். புரதம் செய்யச் சொல்லும் பகுதி மொத்த டிஎன்ஏவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

ஆனால் இதற்குள் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில பிழைகள், தாங்கள் விழுந்த மூலச்செல்லுக்கு மற்ற செல்களைவிட வேகமாகப் பெருகும் வரத்தைக் கொடுத்துவிடுகின்றன. ஏலத்தோட்டத்தில் சில தூர்கள் இருக்கும். காய் பெரிதாகப் பிடிக்காது, தட்டை மட்டும் வெடித்து வெடித்துப் பரவி பக்கத்துத் தூரை அமுக்கிவிடும். அந்த மாதிரி. ஆக்ஸ்போர்டில் ஆன் கோரியெலியும் ஆண்ட்ரூ வில்கியும் 2003இல் இதற்குச் சான்று காட்டினார்கள். தந்தைக்கு ஒரு தீங்கும் செய்யாத அந்தப் பிழை விரைக்குள் செழித்து வளர்ந்து, பிள்ளையிடம் போனபின்தான் நோயாகிறது.

2025இல் பிரிட்டனின் சாங்கர் ஆய்வு நிறுவனத்தார் 24 முதல் 75 வயது வரை உள்ள 81 ஆண்களின் விந்தணுக்களையே நேராக வாசித்தார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம் நூற்றுக்கு சுமார் 2 விந்தணுக்களில் நோய் உண்டாக்கக்கூடிய பிழை இருந்தது. நடுவயதிலும் அதற்கு மேலும் அது 3 முதல் 5 ஆனது. பிழை விழுந்தால் மூலச்செல்லை இப்படி வேகமாகப் பெருகச் செய்யும் மரபணுக்கள் சுமார் 40 என்றும் கண்டார்கள். அந்த விந்தணுக்கள் எல்லாமே பிள்ளையாகிவிடுவதில்லை. பல கருத்தரிக்காது, சில ஆரம்பத்திலேயே கலைந்துவிடும்.

மூன்றாம் படி: எந்த நோய் இந்தக் கணக்கில் வரும், எது வராது?

இந்த விஷயத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் வெய்ன்பர்க். டிஎன்ஏதான் மரபைச் சுமக்கிறது என்று யாருக்கும் தெரியாத 1912இல், அகாண்ட்ரோபிளேசியா என்ற எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளில் கடைக்குட்டிகள் அதிகம் இருப்பதைக் கவனித்தார். கை கால் எலும்புகள் நீளாமல் உயரம் குறைந்துவிடும் நிலை இது. அறிவுக்கு ஒரு குறையும் இராது. கடைக்குட்டி என்றால் அம்மாவுக்கும் வயதாகியிருக்கும், அப்பாவுக்கும் வயதாகியிருக்கும். இருவரில் யாருடைய வயது? அதைப் பிரித்துக் காட்ட 1955 ஆயிற்று. லயனல் பென்ரோஸ் கணக்குப் போட்டு, அப்பாவுடையது என்றார். அதற்கு முன்பே 1947இல் ஜே.பி.எஸ். ஹால்டேன், இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கான புதுப் பிழைகள் ஆண்களிடம்தான் அதிகம் தோன்றுகின்றன என்று சொல்லியிருந்தார். பின்னாளில் இந்தியாவிலேயே குடியேறி 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான்.

அகாண்ட்ரோபிளேசியாவோடு பிறக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரம் உடையவர்கள். ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், அதுவும் கிட்டத்தட்ட எப்போதும் அப்பாவின் பக்கத்தில். மண்டையோட்டுத் தையல்கள் முன்கூட்டியே மூடிக்கொண்டு விரல்கள் ஒட்டிப் பிறக்கும் ஏபர்ட் நோயும் இதே வகை. மார்ஃபான், நூனன் நோய்களில் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருபவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

இப்போது விகிதத்தைப் பாருங்கள். அகாண்ட்ரோபிளேசியா சுமார் 25,000 பிறப்பில் ஒன்று. ஒரு பேச்சுக்கு, வயதான அப்பாவுக்கு இது ஐந்து மடங்கு ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 5,000இல் ஒன்று. மீதி 4,999 பேருக்கு இல்லை. "ஐந்து மடங்கு" என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மீதியைச் சொல்லாமல் விடும் பத்திரிகைத் தலைப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை.

டவுன் நோய்க்குறி இந்தக் கணக்கில் வராது. அது எழுத்துப்பிழை இல்லை, 21ஆம் குரோமோசோம் முழுதாக ஒன்று கூடிவிடுவது. பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் கூடுதல் குரோமோசோம் தாயின் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே தாயின் வயதுதான் பெரிய காரணம்.

ஆட்டிசம் பற்றிக் கேட்பீர்கள். 2006இல் இஸ்ரேலில் வந்த ஓர் ஆய்வு, 30 வயதுக்குள் அப்பா ஆனவர்களின் பிள்ளைகளைவிட நாற்பது தாண்டிய அப்பாக்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு என்றது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. மனச்சிதைவிலும் ஒரு தொடர்பு தெரிகிறது. ஆனால் தாமதமாகக் கல்யாணம் செய்யும் ஆண்களின் இயல்பே பிள்ளைக்குப் போகிறதா, வயதால் வந்த பிழை போகிறதா என்று பிரிப்பது கடினம். எனவே ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் அப்பாவைப் பார்த்து "லேட்டாப் பெத்ததால வந்துச்சு" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

நான்காம் படி: தாய்மாமன் கணக்கைத் தனியாக வையுங்கள்

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நான்கில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடந்தவை. அதில் தாய்மாமனைக் கட்டுவதும் உண்டு. அங்கே மாப்பிள்ளைக்கு வயது கூடுதலாக இருப்பதும் வாடிக்கை. அதனால் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே வீட்டில் வந்து நிற்கின்றன. மக்கள் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டுவதால் வரும் அபாயம் பழைய பிழை. தாத்தாவிடமோ பூட்டியிடமோ ஒளிந்திருந்த ஒன்று அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்து பிள்ளையிடம் ஜோடி சேர்வது. பிறவிச் செவித்திறன் குறை, பீட்டா தலசீமியா போன்றவை இந்த வகை. தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளையின் மரபணு ஜோடிகளில் எட்டில் ஒன்று இப்படி ஒரே மூலத்திலிருந்து வர வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் பதினாறில் ஒன்று. மாமனுக்கு 25 வயதானாலும் 45 வயதானாலும் இது மாறாது. அப்பாவின் வயதால் வருவதோ புதுப் பிழை. குடும்ப வரலாற்றில் அது தெரியவே தெரியாது. ஹால்டேனின் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு 1960களில் ஆந்திரத்துச் சொந்தக் கல்யாணங்களை ஆராய்ந்ததிலிருந்து முதல் கணக்கு நம் பக்கத்தில் பேசப்படுகிறது. இரண்டாவது கணக்கை இன்னும் யாரும் பந்தியில் பேசுவதில்லை.

ஐந்தாம் படி: மலையில் எதற்குப் பயப்படுவது?

பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய இங்கே திட்டமிட்ட ஆய்வகம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் வரும் என்றார்கள். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது. பாறை வெடிப்பு, தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு பற்றிய கேள்விகள் நியாயமானவை. ஆனால் "அந்தக் கதிரு பட்டா பொறக்குற புள்ள ஊனமாயிரும்" என்ற பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒரு சதுர செ.மீ. வழியே நொடிக்கு சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. பொட்டிபுரத்திலும் அப்படித்தான், போடி பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான். அவை டிஎன்ஏவைச் சீண்டுவதே இல்லை.

உண்மையான கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. செர்னோபில் உலை வெடித்தபின் அங்கே துப்புரவு செய்தவர்களுக்கும் வெளியேற்றப்பட்டவர்களுக்கும் பிறந்த 130 பிள்ளைகளின் டிஎன்ஏவை வாசித்து 2021இல் வெளியிட்டார்கள். பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் புதுப் பிழைகள் கூடியதாகத் தெரியவில்லை. பிழை எண்ணிக்கையைக் கூட்டிய முக்கியக் காரணம் எது தெரியுமா? அப்பாவின் வயது.

நம் மலையில் நான் கவலைப்படுவது பூச்சிமருந்துக்கும் சூட்டுக்கும்தான். விடியற்காலை முந்தல் வழியாக ஜீப்பில் ஏறி பூப்பாறைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் மருந்தடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரம்மில் மருந்தை ஊற்றிக் கம்பால் கலக்குவார்கள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும். அதே கையால் பீடி. 1977இல் அமெரிக்காவில் டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு விந்தணுவே இல்லாமல் போனது தெரியவந்தது. கோஸ்டாரிகாவின் வாழைத்தோட்டத் தொழிலாளர்களுக்கும் அதே கதி. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு எண்டோசல்பான் தெளித்த இடத்தில் சிறுவர்கள் பருவமடைவது தாமதமானதை அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் 2003இல் பதிவு செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011இல் அதைத் தடை செய்தது.

சூடு இன்னொன்று. விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டிய உறுப்பு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் டிரையருக்கு விறகு தள்ளிக்கொண்டு ராத்திரி முழுக்க நிற்கிறவருக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. மருந்தும் சூடும் முக்கியமாக விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் கெடுப்பவை. வயதால் வரும் எழுத்துப்பிழையோடு அவற்றைச் சேர்க்காதீர்கள். வயதை நிறுத்த முடியாது. கையுறை போடலாம், மருந்தடித்ததும் குளித்துத் துணி மாற்றலாம், பீடியை விடலாம். ஒரு விந்தணு முழுதாக உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். எனவே இன்று விட்ட பீடியின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆறாம் படி: பரிசோதனைத் தாளை வாசிப்பது

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். போடியிலிருந்து தேனிக்குப் போக அந்த நேரம் போதும். மேலே தோட்டத்திலிருந்து என்றால் போதாது, ஆய்வகத்திலேயே கொடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.யில் 1.6 கோடி விந்தணு, அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். "நூத்துல தொண்ணூத்தாறு கோளாறாம்ணே!" வடிவம் கோணலாக இருப்பது மரபணுக் கோளாறு ஆகாது. நூற்றில் நாலு நேராக இருந்தாலே போதும் என்பதுதான் அந்த எல்லையின் பொருள்.

இதைவிட முக்கியமானது: எல்லாம் சரி என்று வந்த தாளும் இந்தக் கட்டுரை பேசும் எழுத்துப்பிழைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டிஎன்ஏ இழை உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் வேறொரு சோதனை இருக்கிறது. வயது, புகை, காய்ச்சல், வேரிகோசீல் என்ற விரைப்பை நாள வீக்கம் ஆகியவற்றால் அந்த உடைப்பு கூடும். கரு அடிக்கடி கலைந்தால் டாக்டர் அதை எழுதலாம். அதுவும் எழுத்துப்பிழையை வாசிப்பதில்லை. பிள்ளைக்குப் போகப்போகும் அந்த ஒரு விந்தணுவை முன்கூட்டி வாசித்துச் சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது, ஏனென்றால் வாசித்தால் அது செத்துவிடும். "வயதான ஆண்களுக்கான ஸ்பெஷல் பேக்கேஜ்" என்று யாராவது விலை சொன்னால் அதில் என்னென்ன சோதனை என்று எழுதி வாங்குங்கள்.

ஏழாம் படி: கரு தங்கிய பிறகு

11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். இவை எல்லோருக்கும் உள்ளவை, அப்பாவின் வயதுக்காகத் தனியாக எதுவும் இல்லை. தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் வழக்கமான சோதனை 21, 18, 13ஆம் குரோமோசோம்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். அது சரி என்று வந்தால் புதுப் பிழைகளும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அகாண்ட்ரோபிளேசியாவில் எலும்பு குட்டையாவது பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான் ஸ்கேனில் தெரியும். அதனால் அப்பாவுக்கு 45 தாண்டியிருந்தால், ஏழாம் மாத வளர்ச்சி ஸ்கேனில் தொடை எலும்பின் நீளத்தைக் கவனியுங்கள் என்று நீங்களே டாக்டரிடம் நினைவூட்டலாம். சந்தேகம் வந்தால் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க முடியும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியலுக்கென்றே துறை இருக்கிறது. கருவின் குறைபாட்டுக்காக 24 வாரத்துக்கு மேல் கர்ப்பத்தைக் கலைப்பதானால் 2021 சட்டத்திருத்தப்படி மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், 1994 சட்டப்படி சொல்வதே குற்றம்.

ஒரு பிள்ளைக்குப் புதுப் பிழையால் நோய் வந்தது என்று உறுதியானால், அடுத்த பிள்ளைக்கும் அதே வருவதற்கான வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் கீழ். இதைத் தெரியாமல் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் உண்டு.

சட்டத்தில் அப்பாவுக்கு வயது

செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டம், பெண் 50 வயதுக்கும் ஆண் 55 வயதுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. விந்து தானம் செய்பவரும் 55 வரை இருக்கலாம். பிரிட்டனில் தானம் பொதுவாக 45 வயதோடு முடிந்துவிடும். முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கும் விந்துக்கு நம் சட்டம் 55 வரை போவது தாராளம்தான் என்று எனக்குப் படுகிறது. சீக்கிரமே கல்யாணம் ஆகாது என்று தெரிந்த இளைஞர்கள் விந்தை உறைய வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் வாடகை கட்டி, பிறகு செயற்கைக் கருத்தரிப்புக்கும் செலவழித்து, அதனால் குறையும் அபாயம் மிகச் சின்னது. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர் கட்டாயம் வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையில் என்ன கொண்டு போவது?

ஒரு வெள்ளைத்தாள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை குடும்ப மரம். யார் யாரைக் கட்டினார்கள், கலைந்த கர்ப்பங்கள், சின்ன வயதில் தவறிய பிள்ளைகள். அதோடு கணவனின் வேலை, அவர் தொடும் மருந்தின் பெயர், டப்பாவின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளின் போட்டோ. குடி, புகை, வேலைக்குப் போகும் இடம். அப்புறம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், வயது.

தம்பி இரண்டாவது தடவை போனபோது அந்தத் தாளில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் 44 என்று எழுதினான். சித்தி எட்டிப் பார்த்தார். "உன் வயச எதுக்குடா எழுதுற? சொமக்கப்போறது அவதானே?"

"பாதி அவுகளுது தானே அத்தை" என்றாள் அந்தப் பெண்.

தாளை வாங்கிக் கணினியில் ஏற்றத் தொடங்கிய வரவேற்புப் பெண் பாதியில் நிறுத்தி நிமிர்ந்தாள். "சார், இதுல ரெண்டு வயசு இருக்கு. பேஷண்ட் வயசு எது?"